வெளிறிப்போன வேட்டி, அப்பிப்போன அரக்குப் பட்டு: மீட்க முடியுமா?

செம்மண்:
தங்கச்சி கல்யாணம், கோயில் பிராகாரத்துல பத்து மணி வெயில்ல எடுத்த படம். மாப்பிள்ளை வேட்டியிலயும் துண்டுலயும் மடிப்பே தெரியல. பொண்ணோட அரக்குப் பட்டு ஒரே சிவப்பா அப்பிக் கிடக்கு. ரா ஃபைல் (சென்சார் பதிவு பண்ணினது அப்படியே) இருக்கு. லைட்ரூம் மென்பொருள்ல ஹைலைட்ஸை (பளிச்சுனு இருக்குற பகுதிக்கான ஸ்லைடர்) -100 வரைக்கும் இழுத்தா வேட்டி சாம்பலாகுது. வேற வழி இருக்காண்ணா?

ஃபிலிம்ரோல்:
ரா இருந்தா பாதிக் கவலை விட்டுது. ஜேபெக்ல ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு) 256 வெளிச்சப் படிதான், 14 பிட் ராவில 16,384. கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) ஜேபெக்கை வெச்சுப் போடுறது. அதுல வெளிச்சம் உச்சத்தை முட்டினதா தெரிஞ்சாலும் ராவில பெரும்பாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

முகூர்த்தம்:
கல்யாணப் படம்தான் எனக்குச் சோறு போடுது தம்பி. வேட்டியையும் புடவையையும் ஒரே ஸ்லைடர்ல சரிபண்ணப் பாக்காதீங்க.

புடவையில சிவப்பு சென்சார்ல முட்டியிருக்க வாய்ப்பு குறைவு. வெயில்ல முதல்ல நிரம்புறது பெரும்பாலும் பச்சைதான். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாத் தெரிய நிறத்தைச் சரிபண்றது) சிவப்பைப் பெருக்கி, அது மேல ராவுக்கு நிறம் கொடுக்குற புரொஃபைலும் கலரை ஏத்தும்போதுதான் அப்புது. புரொஃபைலை அடோப் நியூட்ரலுக்கு மாத்துங்க, சிவப்போட சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) மட்டும் கொஞ்சம் இறக்குங்க. புட்டா, நெசவு எல்லாம் எழும்பி வரும். அதைப் பாக்குற சுகமே தனி! ஜரிகையில பளிச்சுனு அடிக்கிற புள்ளிகளைத் தொடாதீங்க. அது வெள்ளையா இருந்தாத்தான் ஜரிகை மின்னும்.

வேட்டிக்குத் தனி மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் மாத்துற தேர்வு) போடுங்க. அதுல ஹைலைட்ஸை -50 கிட்டயே நிறுத்தி, ஒயிட்ஸை (உச்ச வெள்ளைக்கான ஸ்லைடர்) கொஞ்சம் ஏத்துங்க. வெள்ளைன்னு ஒரு புள்ளிகூட மிஞ்சாம இறக்கினதாலதான் சாம்பலாச்சு. முகத்துல கை வைக்க வேண்டாம்.

கரிசல்:
டார்க்டேபிள்ங்கிற மென்பொருள்லயும் திறந்து பாருங்க, இலவசம்தான். ராவில எந்தச் சேனல் நிரம்பியிருக்குன்னு நிறம் போட்டே காட்டும். ஒண்ணு ரெண்டு சேனல் தப்பிச்சிருந்தா, ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் அதை வெச்சு மிச்சத்தை ஊகிச்சு நிரப்பும். மூணும் நிரம்பிட்டா அங்க மடிப்பே பதிவாகல, எந்த மென்பொருளாலயும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

செம்மண்:
பண்ணிப் பாத்தேன். புட்டா ஒவ்வொண்ணா தெரியுது, துண்டுல மடிப்பும் வந்துடுச்சு! வேட்டியில முழங்காலுக்குக் கீழ மட்டும் மூணு சேனலும் போயிருக்கு. ஆல்பத்துக்குப் போற படம்ணா.

முகூர்த்தம்:
அந்த இடத்தை வெள்ளையாவே விடுங்க. அச்சுக்கு அனுப்பும்போது மட்டும் உச்ச வெள்ளையான 255-ஐ 248 அளவுக்கு இறக்கி, துளி கிரெயின் (பொடிப்பொடியான புள்ளி) சேருங்க. இல்லேன்னா அங்க மை விழாம வெறும் பேப்பர் தெரியும்.