புதுப்பிப்பு: டவுன் சின்ட்ரோம் உள்ள மகனுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. திருமங்கலத்திலிருந்து கேட்டிருந்தேன்: டவுன் சின்ட்ரோம் உள்ள மகன் சத்தமாகக் குறட்டை விடுகிறான், உட்கார்ந்து குனிந்தபடியே தூங்குகிறான், மூச்சு நின்று நின்று வருகிறது என்று.

"முதல்ல ஸ்லீப் ஸ்டடி எடுங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான் வழிகாட்டியது. தூங்கும்போது மூச்சை இரவு முழுக்கப் பதிவு செய்யும் அந்தப் பரிசோதனையை மதுரையில் எடுத்தோம், தூக்கத்தில் மூச்சுத்தடை உறுதியாகி, அப்புறம் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை), டான்சில் (தொண்டைச் சதை) இரண்டையும் எடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்வாக இருக்கலாம், மயக்க மருந்து டாக்டரிடம் அதை அவசியம் முன்பே சொல்லுங்கள்.

எதிர்பாராதது இதுதான்: குறட்டை குறைந்தும், மறுபடி எடுத்த ஸ்டடியில் தடை மிச்சம் இருந்தது. தசைத் தளர்வாலும் சின்ன வாய்க்குள் நாக்கு பின்னால் சரிவதாலும் ஆபரேஷனுக்குப் பிறகும் பலருக்கு இது நீடிக்கிறது, அதனால் மறுபரிசோதனையை விடாதீர்கள். இப்போது இரவில் சிபாப் மாஸ்க் (மூச்சுவழி மூடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியின் முகமூடி) போட்டு, படுத்தே தூங்குகிறான்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் குறட்டை இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை.