பாலூட்டும் தாயின் உடல் தோற்றக் கவலை: எப்படிப் பேச்சைத் தொடங்குகிறீர்கள்?

வணக்கம். பிரசவ வார்டில் கொடுக்க ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம், உங்கள் உதவி வேண்டும்.

"பால் பத்தல" என்று புட்டிக்கு மாறுகிறவர்களில் சிலருக்கு உள்ளே இருக்கும் பயம் வேறு: மார்பு தொங்கிவிடுமோ, உடம்பு போட்டுவிடுமோ. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மார்பு தளர்வதற்குக் கர்ப்பகால மாற்றமும் வயதும் உடல் எடையும் காரணம். பால் கொடுப்பது அல்ல. மாமியார் பக்கத்தில் இருக்கையில் இதைப் பேசிப் பயனில்லை, தனியாகத்தான் பேச வேண்டும்.

இளைக்க வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைப்பது இன்னும் கவலை தருகிறது. முதல் 6 மாதம் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. பால் வற்றிவிட்டதென்று பயந்து புட்டிப்பால் சேர்த்தால் குழந்தை சப்புவது குறையும். அதனாலேயே சுரப்பும் குறையும். முதல் வாரம் கடந்தபின் குழந்தை நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதும்.

செவிலியர்களே, ஆலோசகர்களே, இந்தக் கூச்சத்தை உடைக்க முதலில் என்ன கேட்கிறீர்கள்? நீங்கள் சொல்லும் வார்த்தைகளையே அப்படியே எழுதுங்கள். பேருந்து நிலையப் பாலூட்டும் அறைக்குள் போகத் தயங்குபவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.