பங்கரில் இலையை எடுத்தேன், மணலைத் தொட்டேன்: எத்தனை பெனால்ட்டி?

புதுக்கை:
வணக்கம். கோல்ஃப் ஆட ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஒரு ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும்) போட்டியில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். யாராவது கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பார் 4 ஹோல், அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய குழி. என் இரண்டாவது ஷாட், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனின் ஓரத்துப் பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுந்தது. பந்தை ஒட்டி, பின்னால் ஒரு காய்ந்த இலை. அதைக் கையால் எடுத்துப் போட்டேன், பந்து அசையவில்லை. பிறகு கை பழக இரண்டு தடவை கிளப்பை (மட்டையை) வீசிப் பார்த்தேன். இரண்டு தடவையும் மணலை லேசாக உரசியது. அப்புறம் அடித்தேன். பந்து விளிம்பில் மோதி உருண்டு, நான் இறங்கி வந்த கால்தடம் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆத்திரத்தில், நின்ற இடத்திலேயே மணலில் ஓங்கி ஒரு அடி போட்டேன். பந்து நாலு எட்டு தள்ளி இருந்தது. அடுத்த அடியில் கிரீனுக்கு வந்து, பந்தைக் குழிக்கு உருட்டும் ‘பட்’ இரண்டில் முடித்தேன்.

உடன் ஆடியவர் இலைக்கு 2 பெனால்ட்டி அடி, வீச்சுக்கு 2, ஆத்திரத்துக்கு 2, நான் அடித்த 6 அடியோடு சேர்த்து மொத்தம் 12 என்றார். சரியா? கால்தடத்தில் கிடந்த பந்தை எடுத்துத் தள்ளி வைத்திருக்கலாமா?

விதிப்பித்தன்:
12 இல்லை, 8.

இலையில் தவறே இல்லை. பங்கருக்குள் கிடக்கும் இலை, குச்சி, கல்லை 2019 முதல் எடுக்கலாம். அதற்கு முன் கூடாது. உடன் ஆடியவர் பழைய விதியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் எடுக்கும்போது பந்து அசைந்தால் 1 பெனால்ட்டி, பந்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

மணலை ஆத்திரத்தில் அடித்ததற்கும் பெனால்ட்டி கிடையாது. களைப்பில் கிளப்பை ஊன்றிச் சாய்ந்து நிற்பதற்கும் கிடையாது.

மாட்டியது பயிற்சி வீச்சில்தான். அடிப்பதற்கு முன் மணல் இறுகியிருக்கிறதா, பொலபொலவென்று இருக்கிறதா என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிடக்கூடாது. விதியின் உயிரே அதுதான். அதனால் வேண்டுமென்றே மணலைச் சோதிப்பது, பந்துக்கு நேர் முன்னும் பின்னும் கிளப்பை வைப்பது, பயிற்சி வீச்சிலோ, அடிக்கக் கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கிலோ மணலைத் தொடுவது, எல்லாமே 2. நடுவில் வேறு எதுவும் நடக்காததால், இரண்டு உரசலுக்கும் சேர்த்து ஒரே 2தான்.

‘லேசாகத்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. 2016 அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியின் பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) அன்னா நோர்ட்க்விஸ்டின் கிளப், பேக்ஸ்விங்கில் மணலைத் தொட்டது வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். 2 பெனால்ட்டி விழுந்தது, பிரிட்டனி லாங் பட்டம் வென்றார்.

கால்தடத்துக்கு விலக்கு இல்லை, கிடந்தபடியே அடித்தது சரி. ஸ்கோர் கார்டைக் கொடுத்துவிட்டீர்களா?

புதுக்கை:
12 என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே, சார்.

விதிப்பித்தன்:
அப்படியென்றால் 12தான் நிற்கும். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கொடுத்தால் கூடுதல்தான் கணக்கு. வருத்தமாக இருக்கிறது. இனி சந்தேகம் வந்தால் கார்டைக் கொடுப்பதற்கு முன் போட்டிக் கமிட்டியிடம் கேளுங்கள்.

ஒன்பதுஹோல்:
நடுவில் ஒரு கேள்வி. என் பந்து பங்கர் விளிம்புக்கு அடியில் முக்கால்வாசி புதைந்துவிட்டது. புதைந்த பந்துக்கு இலவச டிராப் (பெனால்ட்டி இல்லாமல் பந்தை எடுத்து வேறு இடத்தில் விடுவது) உண்டுதானே?

விதிப்பித்தன்:
பங்கருக்குள் கிடையாது. அடிக்க முடியாது என்று அறிவித்தால் 1 பெனால்ட்டி. முன்பு அடித்த இடத்துக்கே போகலாம். அல்லது பங்கருக்குள்ளேயே இரண்டு கிளப் நீளத்துக்குள் கொடியை நெருங்காமல், இல்லாவிட்டால் கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போய் டிராப் செய்யலாம். அதே கோட்டில் பங்கரை விட்டே வெளியேற வேண்டுமானால் 2. விளிம்பு தலைக்கு மேலே நின்றால் நான் தயங்காமல் அந்த 2ஐக் கொடுத்துவிடுவேன்.

பழையகேடி:
தம்பி புதுக்கை, விதியை அவர் சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கால்தடம்தான் உறுத்துகிறது. உங்கள் பந்து உங்கள் தடத்தில் விழுந்தது. அடுத்து வருபவர் பந்தும் அதே குழியில் விழலாம்.

இறங்கும்போதே ரேக்கை (மணலைச் சமப்படுத்தும் பல்வைத்த கோலை) கையில் எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பக்கம் இறங்கினால் கரை சரியும். தாழ்ந்த பக்கமாக, பந்துக்கு அருகில் இறங்குங்கள். அடித்த பிறகு வந்த வழியே பின்னோக்கி நடந்து, குழியை முதலில் ரேக்கின் முதுகால் மூடி, பிறகு பல்லால் மெல்ல இழுங்கள். மணலை ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தால் அங்கே வரப்பு கட்டிவிடும், கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுங்கள். ஆத்திரத்தில் அடித்த பள்ளமும் இதில் சேர்த்திதான்.

புதுக்கை:
பந்து உள்ளேயே இருக்கும்போது ரேக் போட்டால் பெனால்ட்டி வருமோ என்று பயந்துதான் தொடாமல் விட்டேன், ஐயா.

பழையகேடி:
உங்கள் அடுத்த அடிக்குச் சாதகம் ஆகாத இடமென்றால் தாராளமாகச் சமப்படுத்தலாம். பந்து உருண்டுகொண்டிருக்கும்போது மட்டும், அது வந்து நிற்கப்போகும் இடத்தில் கை வைக்காதீர்கள். பந்து வெளியே போனதும் முழுப் பங்கரையும் சீர் செய்யலாம்.

புதுக்கை:
நன்றி ஐயா, நன்றி சார். அன்று அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுத்தான் வந்தேன். அடுத்த முறை முதலில் ரேக்கைத் தேடி எடுக்கிறேன்.