தசைக்குள் புழு வளர்க்கும் செல்லுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

ஆய்வக நுட்பப் படிப்புக்கான ஒட்டுண்ணியியல் பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

சரியாக வேகாத பன்றிக்கறியில் வரும் திரிக்கினெல்லா ஸ்பைராலிஸ். இதன் இளம்புழு தசைநார் ஒன்றுக்குள் புகுந்து, அதைக் கொல்லாமல் ஆளையே மாற்றிவிடுகிறது. ஆக்டின், மயோசின் இழைகள் குலைந்துபோகின்றன. சுருங்கும் வேலை நின்றுவிடுகிறது. உட்கருக்கள் பெருத்து நடுவுக்கு நகர்கின்றன. சுற்றிலும் கொலாஜன் உறை, அதற்கு வெளியே ரத்த நுண்குழாய் வலை. ஏறத்தாழ 20 நாளில் வேலை முடிந்துவிடும். அப்புறம் புழு அங்கேயே ஆண்டுக்கணக்கில் சுருண்டு கிடக்கலாம். இப்படி மாறிப்போன தசைச் செல்லுக்கு ஆங்கிலத்தில் ‘நர்ஸ் செல்’ என்று பெயர். ‘செவிலிச் செல்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?
— மொ.

‘செல்’ வேண்டாம். தமிழில் செல் என்றால் கறையான். செல்லரித்த ஏடு என்கிறோமே! கறையானுக்கு ஆயா வைத்ததுபோல் இருக்கிறது. ‘செவிலி உயிரணு’ என்க. செவிலி என்பதே செவ்வையாக வளர்ப்பவள் என்ற பொருளில் பிறந்தது என்பது என் கருத்து. செம்மை, செவ்வி, செவ்வை எல்லாம் ஒரே வேர். இன்னும் பின்னால் போனால்...
— த.

த. ஐயா, பின்னால் போகவேண்டாம், வெள்ளிக்கிழமை வருகிறது. எங்கட யாழ்ப்பாணப் பள்ளிகளில் செல்லைக் கலம், திசுவை இழையம் என்றுதான் படித்தோம். நர்ஸ் என்றால் தாதி. ஆகவே ‘தாதிக் கலம்’. தாதி வடமொழித் ‘தாத்ரி’ என்று அடுத்த மடலில் சொல்லுவீர்கள். இருக்கட்டும். ஊசி போட வரும்போது யாரும் வேர் கேட்பதில்லை.
— சி.

கலம் என்றால் எங்கள் பக்கம் பாத்திரம். அது போகட்டும், எனக்குச் ‘செவிலி’யே உறுத்துகிறது. அகப்பாட்டில் செவிலி யார்? தோழியைப் பெற்றவள், தலைவியை வளர்த்தவள். உடன்போக்குப் போனவளைத் தேடிப் பாலைவழியில் நடந்தவள். இங்கே அந்த அன்பு எங்கே? தசையின் மரபணுக்கள் எது பேசவேண்டும், எது வாய்மூடவேண்டும் என்பதையே புழு மாற்றிவிடுகிறது. குயில்குஞ்சுக்கு ஊட்டும் காகம்தான் சரியான உவமை. இன்னொன்று: ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை, ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ என்பதை, பாடத்தில் ‘விருந்தோம்பி’ என்று போட்டுவிடாதீர்கள், வள்ளுவர் பாவம். ‘ஓம்புயிர்’ போதும்.
— வி.

காகம் கடைசிவரை காகமாகவே இருக்கிறது, வி. இந்தத் தசை தசையாகவே இல்லை.

வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். உதரவிதானத் துணுக்கு ஒன்றை இரண்டு கண்ணாடிக்கு நடுவே நசுக்கி நுண்ணோக்கியில் வைப்பேன். எலுமிச்சம்பழ வடிவில் ஓர் உறை, உள்ளே சுருட்டிய நூல்போலப் புழு. 1835இல் லண்டனில் மருத்துவ மாணவர் ஜேம்ஸ் பேஜெட் பிணத்தின் தசையில் கண்ட வெண்புள்ளிகளும் இவைதான். மாணவர்கள் முதலில் கேட்பது, “சார், இது யாருக்குச் சோறு போடுது?” அதனால் ‘ஊட்டுசெல்’. பழ ஈயில் ஒரு முட்டைச்செல்லுக்கு ஊட்டும் 15 செல்களுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே அவை முட்டையின் உடன்பிறப்புகள், அடிமைகள் இல்லை. ஊட்டுசெல் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.
— க.

‘ஊட்டுச்செல்’ அல்லவா?
— சி.

வினைத்தொகை. ஒற்று மிகாது. சுடுசோறு, ஊறுகாய்.
— வி.

மணி 11 ஆகிவிட்டது. மூன்று பேர் ஊட்டுசெல், அதில் வி. அரைமனதாக. அதையே வைத்து, சொல்லடைவில் தாதிக் கலம், செவிலி உயிரணு இரண்டையும் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.
— மொ.

‘ஊட்டுயிரணு’ என்றால் என்ன குறைந்துபோகும்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
— த.

மெய்ப்பு வந்திருக்கிறது. பிழைதிருத்துபவர் ஒன்பது இடத்திலும் ‘ச்’ போட்டுவைத்திருக்கிறார்.
— மொ.