கேஎக்ஸ்250எஃப்: சூடானா கிக்குல எடுக்கல, தள்ளினா எடுக்குது

கொள்ளிடக்கரை:
வண்டி 2016 மாடல் கவாசாகி டர்ட் பைக், கிக் மட்டும்தான். பாபநாசம் பக்கம் சம்பா அறுத்த வயல், கொள்ளிடம் மணல்னு ஓட்டம். காலையில ஏழெட்டு கிக் அடிச்சா எடுக்கும். சூடாகி நின்னுட்டா கிக்குல எடுக்கவே மாட்டேங்குது, ரெண்டாவது கியர்ல தள்ளினா உடனே எடுத்துடுது. பிளக், பெட்ரோல் ரெண்டும் புதுசு. கம்ப்ரஷன் கேஜ் வெச்சுப் பார்த்துட்டு பிஸ்டன் போச்சுன்னு சொல்றாங்க. ஹெட்டைக் கழட்டணுமா?

பட்டறை_தஞ்சை:
ஹெட்ல இப்ப கை வைக்காதீங்க தம்பி. இந்த வண்டியில ஆட்டோ டீகம்ப்ரஷன் இருக்கு. கிக் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வை அதுவே லேசா திறந்து விட்டுடும். அதனால கேஜ் எப்பவும் கம்மியாத்தான் காட்டும். பிஸ்டன் ரிங் சந்தேகம்னா லீக் டவுன் டெஸ்ட்தான் பார்க்கணும், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை அடைச்சு எங்க கசியுதுன்னு பார்க்கறது. ஏர்பாக்ஸ் பக்கம் காத்து சீறினா இன்டேக் வால்வு, கிரேங்க்கேஸ் பிரீதர்ல (இன்ஜின் அடிப்பாகத்துல இருந்து காத்து வெளிய வர்ற குழாய்) வந்தா ரிங்.

நீங்க சொல்றது இன்டேக் வால்வு டைட் ஆனதுக்கு உண்டான அறிகுறி. டைட்டானியம் வால்வு மேல இருக்கிற கோட்டிங் தேஞ்சா வால்வு சீட்டுக்குள்ள இறங்கும், கிளியரன்ஸ் (வால்வைத் தள்ளித் திறக்கிற கேமுக்கும் வால்வுப் பக்கத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி) குறையும். சூட்டுல இன்னும் குறைஞ்சு வால்வு முழுசா மூடாது. கிக்கோட மெதுவான சுத்துக்கு அந்த லீக் தாங்காது, தள்ளும்போது வேகமா சுத்துறதால எடுத்துடுது.

இன்ஜின் நல்லா ஆறணும், ராத்திரி பூரா விட்டா உத்தமம். டேங்கைக் கழட்டி, ஹெட் கவரைத் திறக்கறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ணை ஊதிடுங்க. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் டிடிசியில (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) வெச்சு, ஃபீலர் கேஜ்ங்கற மெல்லிசான அளவுத் தகடால நாலு வால்வோட கிளியரன்ஸையும் அளங்க. இந்த ரக 250-ல வழக்கமா இன்டேக் 0.10–0.15 மிமீ, எக்ஸாஸ்ட் 0.17–0.22, இருந்தாலும் உங்க மேனுவல்ல போட்டிருக்கிற எண்தான் கணக்கு.

நாகை_டர்ட்:
அளவு வந்தாலும் காரணத்தைப் பிடிங்க. அறுத்த வயல் தூசோட நெல்லுச் சுணையும் சேர்ந்து வரும், அது பஞ்சு ஃபில்டர்ல நெருநெருன்னு ஒட்டிக்கும். ஏர் பூட், அதாவது ஃபில்டர்ல இருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் குழாய், அதுக்குள்ள விரலை விட்டுத் துடைச்சுப் பாருங்க. விரல்ல நரநரப்பு தட்டினா மண்ணு உள்ள போகுதுன்னு அர்த்தம், கோட்டிங் தேயறது அதனாலதான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் ஃபில்டரைக் கழுவணும். பெட்ரோல் வேண்டாம், ஒட்டின பசை விட்டுப்போகும். ஃபில்டர் கிளீனர் போட்டு, அப்புறம் சோப்புத் தண்ணி. முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு நிழல்ல காய வைங்க. இன்ஜின் ஆயில் ஊத்தாதீங்க, கீழ வடிஞ்சுடும். அதுக்குன்னு இருக்கிற பிசுபிசு ஃபில்டர் ஆயில்தான் நிக்கும். விளிம்புல கிரீஸ் தடவுங்க.

இன்னொண்ணு, இதுல ஃபேன் கிடையாது. சுணையும் வைக்கோலும் ரேடியேட்டரை அடைச்சா மணல்ல சீக்கிரமே கொதிச்சிடும். பின்னாடி இருந்து முன்னாடி, மெதுவான தண்ணியில கழுவுங்க.

கொள்ளிடக்கரை:
அளந்தாச்சு. இன்டேக் இடது 0.05, வலது 0.08. எக்ஸாஸ்ட் ரெண்டும் 0.18. கிளியரன்ஸை சரி பண்ண வால்வு மேல வைக்கிற சின்னத் தகடு, அந்த ஷிம் இடது 1.85, வலது 1.90. ஏர் பூட்டுல லேசா நரநரப்பு இருக்கு.

பட்டறை_தஞ்சை:
அப்ப பிஸ்டனை விடுங்க. பழைய ஷிம் கனத்தோட அளந்ததைக் கூட்டி, வேண்டிய கிளியரன்ஸைக் கழிங்க. 0.12 வேணும்னா இடதுக்கு 1.78, வலதுக்கு 1.86. 1.775-ம் 1.85-ம் போட்டா 0.125, 0.13 வரும், போதும். லோக்கல் ஸ்பேர்ஸ் கடையை நம்பாம ஆர்டர் போடுங்க. விட்டம் மாடலுக்கு மாடல் மாறும், பழசை அளந்து சொல்லணும். கிரைண்டர்ல தேய்ச்சுக் கனம் குறைச்சுத் தரேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க.

கேம் கழட்டும்போது டைமிங் செயினைக் கம்பியில கட்டிடுங்க, கீழ விழக்கூடாது. செயின் ஓட்டைக்குள்ள துணி அடைங்க; ஷிம் உள்ள விழுந்தா வேலை மூணு மடங்கு. பக்கெட் (ஷிம்மை மூடி இருக்கிற சின்னக் கப்பு) எந்த இடத்துல இருந்ததோ அதே இடத்துக்கே திரும்பணும். கேம் கேப் போல்ட்டை டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) கொஞ்சம் கொஞ்சமா, குறுக்கும் நெடுக்குமா இறுக்குங்க. கிரேங்க்கைக் கையால நாலு சுத்து சுத்தி மறுபடி அளங்க.

ஒரு தடவை ஷிம் மாத்தினா கொஞ்ச காலம் ஓடும். சில மணி நேர ஓட்டத்துலயே மறுபடி குறைஞ்சா கோட்டிங் போயிடுச்சு. வால்வும் ஸ்பிரிங்கும் மாத்தி, சீட்டையும் கட் பண்ணணும். லேத்ல பேஸ்ட் போட்டு வால்வை உரசச் சொல்லாதீங்க, டைட்டானியத்துல மிச்சமிருக்கிற கோட்டிங்கும் அதுலயே போயிடும்.