கூட்டத்துக்கு யார் வரவில்லை, ஏன்? மாற்றுத்திறனாளிகள் பற்றி வேலூர்ப் பக்கத்து அனுபவப் பகிர்வு (எழுதியவர்கள் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்ப் பெயர்)

சத்துவாச்சாரி:
முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ சிகிச்சைக்காக வேலூர் பாகாயம் வருகிறார்கள். 1954 விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் இருந்தது இதே ஊரில்தான். 1966இல் இங்கே மறுவாழ்வு நிலையமும் திறந்தாயிற்று. அதே ஊரில் சமூகநீதிக் கருத்தரங்கம் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் நடக்கிறது. சாதி பேசுவோம், பெண்ணுரிமை பேசுவோம், பாலாற்றில் கலக்கும் தோல் கழிவைப் பேசுவோம். மாற்றுத்திறனாளி உள்ளே வர வழி இருக்கிறதா என்பது மட்டும் நினைவுக்கு வராது. கேட்டால், "அவங்க யாரும் வர்றதில்லையே தோழர்" என்று பதில் வரும். படியைக் கட்டி வைத்துவிட்டு ஏறி வரவில்லை என்று கணக்குச் சொன்னால் எப்படி?

உருக்கமான கதைகள் நிறையவே எழுதியாயிற்று. எங்கே தவறுகிறது, எவ்வளவு அளவு, எப்படிச் சரி செய்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓட்டேரி:
மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே பாதி முடிவாகிவிடும். நோட்டீஸ் அடித்த பிறகு யார் கேட்டாலும் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில். அதனால் அட்வான்ஸுக்கு முன்பே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

வாசல் திறப்பு 90 செ.மீ. வேண்டும். இரட்டைக் கதவு இருந்தால் ஒரு கதவைத் தாழ் போட்டு வைத்திருப்பார்கள். மிச்சம் 60 செ.மீ.தான், சக்கர நாற்காலி நுழையாது. அந்தத் தாழ் துருப்பிடித்துப் போயிருக்கும், அன்றைக்கே திறந்து பாருங்கள்.

சாய்தளத்துக்கு விதி 1:12. ஒரு அங்குலம் உயர 12 அங்குலம் நீளம். படி ஒன்றுக்கு 15 செ.மீ. என்றால் மூன்று படிக்கு 45 செ.மீ. உயரம், அதற்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். நடைமுறையில் படிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு மீட்டருக்குச் சிமென்ட் கொட்டி முடித்திருப்பார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இறங்கினால் ஆள் முன்பக்கமாகச் சரிவார். மேலே வழுவழு டைல்ஸ் வேறு. கீழே இறங்குமிடத்தில் சாக்கடை மூடியோ வரிசையாக டூவீலரோ நிற்கும். கைப்பிடி இரண்டு பக்கமும், 76, 90 செ.மீ. உயரங்களில் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். பல இடங்களில் ஒன்றுமே இருக்காது.

மேடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி சாய்தளம் வேண்டும், எந்த மண்டபத்திலும் அது நடக்காது. அதனால் மேடையை விட்டுவிட்டு எல்லாப் பேச்சாளரையும் தரையிலேயே உட்கார வையுங்கள். ஒருவரை மட்டும் கீழே விட்டு மைக்கை நீட்டுவது மரியாதை இல்லை.

கழிவறை: கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். "இருக்கு சார்" என்பார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். திறந்தால் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அடுக்கியிருக்கும்.

பாகாயம்:
"நாலு பேர் தூக்கிடலாம் வாங்க" என்பதை ஏற்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கைப்பிடியும் கால்பலகையும் கழன்று வரும் வகை நாற்காலிகள் உண்டு, அவற்றைப் பிடித்துத் தூக்கினால் நடுப்படியில் கையோடு வந்துவிடும். நெடுநாள் செயலிழந்த காலில் எலும்பு தேய்ந்திருக்கும், சின்ன இடியே முறிவாகும். வலி தெரியாததால் அது இரண்டு நாள் கழித்து வீக்கமாகத்தான் வெளியே தெரியும். பேட்டரி நாற்காலியைத் தூக்கவே கூடாது. வேறு வழியே இல்லை என்றால் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். பிரேக் போட்டு, இரும்புச் சட்டத்தை மட்டும் பிடிக்க வேண்டும், சக்கரத்தைப் பிடிக்கக் கூடாது.

அடுத்தது நேரம். தண்டுவடம் பாதித்தவர்களில் பலர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பார்கள். பேரணாம்பட்டிலிருந்து காலை எட்டுக்குக் கிளம்பினால் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் கைகழுவ வசதியுள்ள சுத்தமான கழிவறை வேண்டும். பத்து மணிக் கூட்டத்தைப் பதினொன்றரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிக்கிற நம் வழக்கத்தில் இது நடக்காது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில். பிறகு சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் படுக்கை. கூட்டம் நடத்தியவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆட்சியர் அலுவலகம் முன் ஆர்ப்பாட்டம் என்றால் ஷாமியானா நிழல் தலைவர்களுக்கு என்றே ஆகிவிட்டது. கழுத்துப் பகுதியிலோ மார்பின் மேல்பகுதியிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடு இறங்க வழியில்லை. அவர்களுக்குத்தான் முதல் நிழல். ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் கையில் இருக்கட்டும். காலை ஏழரைக்குத் தொடங்கினால் இன்னும் நல்லது. உண்ணாவிரதத்தில் எல்லாரும் முழுநாள் உட்கார வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவருக்கும் வலிப்பு மாத்திரை எடுப்பவருக்கும் பட்டினி ஆபத்து. நடுவில் எழுந்து சாப்பிடப் போனால் "துரோகம்" என்று பேசியவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

திருவலம்:
செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிலைக்கு மாலை போடும்போதும் மேடை ஏறும்போதும் "செருப்பைக் கழற்றிட்டு வாங்க" என்கிறோம். தொழுநோயிலிருந்து குணமடைந்தவருக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. மதிய வெயிலில் தார் ரோட்டில் பத்தடி நடந்தாலே கொப்புளம், அது புண்ணாகி ஆற மாதக்கணக்கு ஆகும். அவர்கள் போட்டிருக்கும் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) அழகுக்குப் போட்டதில்லை, அதுவே மருந்து. வேலூர் அருகே கரிகிரி மருத்துவமனையில் 1955 முதல் இந்த நோய்க்கு வைத்தியமும் ஆராய்ச்சியும் நடக்கிறது, சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மைக்கில் கழற்றச் சொல்வார்கள்.

டீ கொடுக்கும்போது எவர்சில்வர் டம்ளரை நீட்டாதீர்கள், உணர்ச்சியில்லாத விரலில் சூடு தெரியாது, வெந்துவிடும். பிடியுள்ள கப் போதும். தனி கப் என்று ஒதுக்கி வைத்துவிடாதீர்கள், எல்லாருக்குமே பிடி வைத்ததைக் கொடுங்கள்.

குடியாத்தம்:
எல்லாம் சரி. ஆனால் இப்போது "குருட்டு அரசே", "செவிட்டு அரசே" என்று கோஷமும் போடக்கூடாது என்கிறார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு என்பது பழமொழி. பழமொழியையெல்லாம் மாற்ற முடியுமா?

காட்பாடி:
அண்ணா, மனு கொடுத்தும் பதில் சொல்லாத அதிகாரிக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார். அதற்குக் கேளாதவரை ஏன் இழுக்க வேண்டும்? "காது கொடுக்க மறுக்கும் நிர்வாகமே" என்று போட்டால் ஆளைச் சரியாகக் குத்தும், கோஷத்துக்கும் தாளம் கெடாது. "முடமான நிர்வாகம்", "நொண்டிச் சாக்கு", "பைத்தியக்கார பட்ஜெட்" எல்லாமே இந்த ரகம்தான். பேனர் எழுதக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை வாசித்தால் போதும். பழமொழி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆற்காடு:
கல்லூரிப் பக்கம் வருகிறேன். பார்வையற்ற மாணவருக்குப் பாடக்குறிப்பு "அனுப்பிட்டோம்" என்பார்கள். அனுப்பியது வானவில் என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். திரையில் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும். என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்) அந்த உளறலைத்தான் படிக்கும். பாமினி எழுத்துருவும் இதே கதைதான். எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடு முறைக்கு மாறும்படி தமிழக அரசு 2010இலேயே சொன்னது, பல துறைகளில் பழைய கோப்புகள்தான் இன்னும் கைமாறுகின்றன.

சோதிக்க அரை நிமிடம் போதும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு மாற்றுங்கள், மாற்றியதை ஒருமுறை படித்துத் திருத்துங்கள்.

யூனிகோடில் இருந்தாலும் பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவதுண்டு, "கொ" சிதறி வரும். அதனால் பி.டி.எஃப்.போடு வேர்ட் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தது வெறும் படம், அதில் படிக்க எழுத்தே கிடையாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மூலம் மாற்றலாம், ஆனால் கோணலாக ஸ்கேன் செய்த பக்கமும் பென்சில் கோடு போட்ட பக்கமும் சொதப்பும். நூலகப் புத்தகத்தில் கோடு போடும் பேராசிரியர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சேண்பாக்கம்:
ஸ்கிரைப் விஷயம், அதாவது தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பவர். 2018 வழிகாட்டுதலில் மாணவரே ஸ்கிரைபைக் கொண்டுவரலாம், அல்லது தேர்வு நடத்துபவரிடம் கேட்கலாம் என்று இருந்தது. 2025இல் புது வழிகாட்டுதல் வந்திருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பார்க்க விட வேண்டும். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். ஆக, பத்து மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தேர்வு இரண்டு மணிக்கு முடியும். ஸ்கிரைப் வேண்டாம் என்பவருக்கும் அந்த நேரம் உண்டு.

கெடுவது எங்கே? பேப்பர் கட்டு ஒரு மணிக்குப் போயாக வேண்டும் என்று அறைக் கண்காணிப்பாளர் பிடுங்குவார், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முடிவு நேரத்தைக் குறிப்பிட்ட எழுத்து உத்தரவின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும், மாணவர் கையில் ஒன்று. கடைசி நேரத்தில் பிடித்துவந்த ஸ்கிரைபுக்குத் துறைச் சொல் எழுதத் தெரியாது, ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிச் சொல்வதிலேயே கூடுதல் நேரம் போய்விடும். சத்தமாகச் சொல்லி எழுதுவதால் தனி அறை வேண்டும், தரைத்தளத்தில், மின்விசிறியோடு.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லையே என்று திருப்பி அனுப்பினால் 2021இல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொன்னதைக் காட்டுங்கள். எழுதுவதில் சிரமம் இருந்தால் ஸ்கிரைப் கேட்க 40 சதவீதம் தேவையில்லை. 2022இல் அதற்குத் தனி வழிகாட்டுதலும் வந்துவிட்டது, அரசு மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும்.

வாணியம்பாடி:
சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து மூன்று மணி நேரம் ஓட்டாதீர்கள். ஒரு மணிக்கு மேல் போனால் இருவர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். பேச்சாளருக்குப் பக்கத்திலேயே வெளிச்சத்தில் நிற்கட்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது. உரைக் குறிப்பை இரண்டு நாள் முன்பே கொடுங்கள். ஆட்கள் பெயரும் ஊர்ப் பெயரும்தான் தடுக்கும்.

ஓட்டேரி:
வருகைப் பதிவையும் சொல்ல வேண்டும். தலசீமியா, ஹீமோபிலியா என்ற இரத்த நோய்களும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் உண்டு. வெளியே தெரியாது, "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்று ஆசிரியரே சொல்வார். தலசீமியா என்றால் இரத்தம் ஏற்ற இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு நாள் போகும். 90 வேலைநாள் பருவத்தில் 75 சதவீத வருகைக்கு 22 நாள் வரை விடுப்பு தாங்கும். இரத்தத்துக்கு மட்டும் என்றால் போதும், நடுவில் ஒரு காய்ச்சல் வந்து நெடுநாள் படுத்தால் இடிக்கும். பருவத் தொடக்கத்திலேயே முதல்வருக்கு ஒரு கடிதம், ஒரு சான்று, அலுவலக முத்திரையோடு ஒப்புகை. ஒவ்வொரு தடவையும் புதுச் சான்று கேட்டால், கொடுத்ததையே திரும்பக் காட்டுங்கள்.

சத்துவாச்சாரி:
கடிதத்தில் என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். "கருணை கூர்ந்து" என்று தொடங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நியாயமான வசதி மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அந்த ஒரு வரியை மேற்கோள் காட்டிவிட்டுத் தேவையானதை அளவோடு எழுதுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 5 சதவீத இடஒதுக்கீடும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்ற விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டு கொடுத்தார்கள், அது 2022இல் முடிந்துவிட்டது. "பழைய கட்டடம் சார்" என்று இனிமேல் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரை போல விட முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவை எப்படி நடத்துவது என்றும் கேட்டிருந்தார்கள். வழக்கமாக நடப்பது சால்வை, ஊன்றுகோல் வழங்கல், புகைப்படம். பேச அழைத்தவரிடம் அவர் படித்த துறையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், உடம்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

குடியாத்தம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அடுத்த கூட்ட நோட்டீஸில் என்ன போடட்டும்?

ஓட்டேரி:
"அனைவரும் வருக" போதாது. இருப்பதை அப்படியே எழுதுங்கள். "தரைத்தளம். வாசலில் ஒரு படி, 12 செ.மீ. உயரம், ஒன்றரை மீட்டர் பலகை போட்டிருக்கிறோம். வாசல் திறப்பு 90 செ.மீ. கழிவறையில் நாற்காலி திரும்ப இடமில்லை. இடமுள்ள கழிவறை இரண்டு கட்டடம் தள்ளி, சாவி எங்களிடம். சைகை மொழி உண்டு. தொடக்கம் 9.30, முடிவு 12.00." கீழே ஒரு கைபேசி எண், குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று சேர்த்து. பலகையின் அடியில் ரப்பர் பாய் ஒட்டுங்கள், இல்லையென்றால் முதல் நாற்காலி ஏறும்போதே நழுவும்.