தண்ணீர் பிடிக்கும் நேரம்

ரயில் படம் எடுக்கிறவர்களில் பலருக்குப் பெரிய ஜங்ஷன்கள்தான் பிடிக்கும். எனக்குச் சின்னப் பாதைகள். நாளைக்கு ஒன்றோ இரண்டோ வண்டி வரும், பிளாட்பாரத்தில் குடையும் பையுமாக நாலு பேர் நிற்பார்கள். வண்டியைத் தவறவிட்டால் மறுநாள்தான். பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படிச் சுற்றியதில், என்னிடம் உள்ள நல்ல படம் ஒவ்வொன்றிலும் ஒரு ரயில்வேக்காரர் சொன்ன வார்த்தை இருக்கிறது. அந்தச் சந்திப்புகளில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு 2010 செப்டம்பரில் ஓடினேன். 1904-ல் திறந்த பாதை அது. கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கும். அதற்கு எதிரே கேமராவை வைத்துக்கொண்டு வளைவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் ஸ்பேனரோடு வந்த, தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன் ஒருவர், தென்காசிப் பக்கத்துக்காரர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, பாத்துக்கிட்டே இருந்தா கண்ணுதான் வலிக்கும். காதைக் குடுங்க. ரெண்டு இன்ஜின். முன்னால உள்ளது மலைக்கு அந்தப் பக்கம் திரும்பினா சத்தம் அமுங்கிடும், பின்னால தள்ளுறது மட்டும் கேக்கும். ரெண்டும் சேந்து கேட்டா பாலத்துக்கிட்ட வந்தாச்சு.”

அந்த மலையேற்றத்துக்கு முன்னால் ஒரு ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின், பின்னால் ஒரு ஒய்.டி.எம்.4 போட்டு ஓட்டுவார்கள். அவர் சொன்ன மாதிரியேதான் வந்தது. ஒரு உறுமல் கேட்டது, அடங்கியது, வேறொரு இடத்தில் இன்னொன்று எழும்பியது. அப்புறம் இரண்டும் ஒன்றாகி நெஞ்சுக்குள் அதிர்ந்தன. கேமராவைத் தூக்கி நிதானமாக எடுத்தேன். முன் இன்ஜின் பாலத்தின் ஐந்தாவது கண்ணின் மேல், பின் இன்ஜின் அப்போதுதான் மரங்களுக்குள்ளிருந்து வெளியே. 2018-ல் பாதை மறுபடி திறந்தபோது அதே இடத்துக்குப் போனேன். பாலம் அதேதான். காது மட்டும் அந்த இரட்டைச் சத்தத்தையே தேடியது.

கசப்பான சந்திப்பும் ஒன்று உண்டு. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். பிளாட்பார நுனியில் நின்று, பெட்டிகளை மாற்றிக் கோக்கிற ஷண்டிங்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு காவலர் உள்ளே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். கார்டில் இருந்த படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார், அழித்தேன். அதில் அன்று காலை எடுத்த நல்ல படங்களும் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கினாலும் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, இன்னார், இதற்காக வந்திருக்கிறேன், இங்கே நிற்கலாமா என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் நாற்காலியும் டீயும் கிடைக்கும். வண்டி அடுத்த ஸ்டேஷனை விட்டதும் அவரே வந்து சொல்வார்.

தண்டவாளத்தில் இறங்குகிற பேச்சே கிடையாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒருவர் அடிபட்டால் அந்த வண்டியை ஓட்டியவர் வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கிறார். ஒரு டிரைவர் அதை என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. படத்துக்காகத் தண்டவாளத்தில் நிற்கிறவரை ரயில் ரசிகர் என்று நான் ஏற்கமாட்டேன்.

2019-ல் திருவாரூர்–காரைக்குடி பாதையில் வண்டி விட்டபோது போனேன். டெமு வண்டி, தனியாக இன்ஜின் கிடையாது. ஆனால் அதைப்போல ஒரு பயணம் எனக்குக் கிடைத்ததில்லை. வழியிலுள்ள ரயில்வே கேட்டுகளுக்குத் தனித்தனி ஆள் போடாததால் கேட்கீப்பர்களே வண்டியில் வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கி ஓடி மூடுவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும், பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயிலில் வியர்த்து ஓடிவந்து படியில் கால் வைக்கும் அந்த மனிதர்களைத்தான் அன்று எடுத்தேன்.

சரி, இனி நான் திரும்பத் திரும்பப் போகிற இடத்துக்கு வருகிறேன். நீலகிரி மலை ரயில்.

காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். முதல் தடவை போகிறவர்கள் பெட்டிகளுக்கு முன்னால் போய் இன்ஜினைத் தேடுவார்கள். மலையேறும்போது இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும். முன்னால் திறந்த மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார், பாதையைப் பார்க்கிற கண் அவர்தான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு, விசில் சத்தத்துக்கு ஏற்ப கையாலேயே பிரேக் போடுவார். அதனால் இந்த வண்டியை முன்னாலிருந்து எடுத்தால் படத்தில் விழுவது இன்ஜின் அல்ல, ஒரு மனித முகம். வேறு எந்த வண்டியிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

இன்ஜினை எடுக்கச் சரியான இடம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பாதையில் 208 வளைவுகள். கடைசிப் பெட்டிகளில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வளைவு வரும்போதெல்லாம் இன்ஜின் பக்கவாட்டில் தெரியும். தலையை வெளியே நீட்ட வேண்டியதில்லை. நீங்களும் இன்ஜினும் ஒரே வேகத்தில் போவதால் ஷட்டரை முப்பதில் ஒரு நொடி வரை இறக்கலாம். இன்ஜின் அசையாமல் நிற்கும், காடு கோடுகோடாக ஓடும், சக்கரங்களோடு ஓடும் தண்டுகள் மட்டும் கலங்கித் தெரியும். பெட்டி குலுங்குவதால் பத்து எடுத்தால் ஒன்று தேறும்.

அந்தத் தண்டுகளை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் குன்னூர் இன்ஜின் ஷெட்டைச் சேர்ந்த ஒரு ஃபிட்டர். நான் பல வருடம் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான், “மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு சிலிண்டரு இருக்குதுங்க பாருங்க. ரெண்டும் ஒரே வேகத்துல ஓடுதான்னு பாருங்க” என்றார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் 1952 வரை செய்து அனுப்பிய எக்ஸ் வகை இன்ஜின்கள் இவை. சமதளத்தில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் சக்கரத்தைச் சுழற்றும். கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டி, நடுவில் பற்களோடு இருக்கிற பல் தண்டவாளத்தில் ஏறியதும், கீழே வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய், அந்தப் பற்களில் பிடித்து ஏறும் பல் சக்கரத்தைச் சுழற்றும். மேல் தண்டு கீழ்த் தண்டைவிட வேகமாக ஓடும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. மூச்சின் தாளமே மாறுவது காதில் விழும். அவர் சொன்ன பிறகு இந்த இன்ஜினை என்னால் பழைய மாதிரி பார்க்கவே முடியவில்லை.

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் இதே வகையில் புது இன்ஜின்கள் செய்தபோது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். நூறு வருடத்துக்கு முந்தைய வடிவம் நம் ஊர்க் கைகளில் மறுபடி பிறந்திருக்கிறது.

நீராவி வெள்ளையாகத் தெரிய குளிர் வேண்டும். வெயில் ஏறினால் புகைபோக்கியை விட்டதுமே காற்றில் கரைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் அருமையாக இருக்கும், ஆனால் அப்போதுதான் மழையில் மண் சரிந்து வண்டியும் நிற்கும். ஒரு நவம்பரில் மூன்று நாள் காத்திருந்து ஒரு படமும் எடுக்காமல் பஸ் ஏறினேன். எனக்குப் பிடித்த மாதம் ஜனவரி.

மலைப்பாதையில் ஹில்குரோ ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். எல்லோரும் இறங்கி டீக்கடைக்கும் குரங்குகளுக்கும் போவார்கள். நான் இன்ஜின் பக்கம் போய்ச் சற்றுத் தள்ளி நிற்பேன். ஒரு ஜனவரியில் அங்கே பார்த்த காட்சி இது. இன்ஜின்காரர் ஒருவர் எண்ணெய்க் கேனோடு குனிந்து, ஒவ்வொரு பேரிங்கின் மீதும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஒரு இடத்தில் கையை எடுக்காமல் சற்று நின்றார், கொஞ்சம் எண்ணெய் விட்டார், மறுபடி தொட்டார். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் அவர் சட்டைக் கையில் சொட்டியது. கையையும் கேனையும் மட்டும் எடுத்தேன். முகம் படத்தில் இல்லை.

அடுத்த வருடம் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஹில்குரோவில் இன்ஜினில் இருந்தவரிடம் நீட்டினேன். போன தடவை பார்த்தவர் இவர்தான் என்று நினைத்திருந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இது நான் இல்லீங்க சார். இங்க மணிக்கட்டுல சுட்ட தழும்பு இருக்குது பாருங்க, இது எங்க அண்ணன் கை. ரிட்டயர் ஆயிட்டாருங்க. மேட்டுப்பாளையத்துலதான் வீடு.”

கூடப் பிறந்தவரா என்று கேட்டேன். “இல்லீங்க, எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு” என்றார். நான் அந்தத் தழும்பை அதுவரை கவனித்ததே இல்லை. பிரிண்ட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி, எண்ணெய் படாத இடமாகத் தேடி, தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். சாயங்காலம் கீழே இறங்கியதும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அப்புறம் விசில் அடித்தது, நான் ஓடிப்போய்ப் பெட்டியில் ஏறினேன்.